குமிழி எடுக்கிற வேலை

பெக்கோக்கில் ரயிலேறித் தெற்கே போனால் பாலோ, குளுவாங், மெங்கிபோல், ரெங்கம், லாயாங் லாயாங், அதற்கப்புறம் கூலாய். கெமாஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவிலான பாதை முழுசாகத் திறந்தது 1909-ல். அடுத்த சில பத்தாண்டுகளில் அதன் இருபக்கமும் காடு போய்க் கித்தாத் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு நம்மவர்களும் வந்தார்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது. இப்போது கூலாய் பக்கம் செம்பனையும் போய்த் தரவு மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த மாற்றத்தை நிலவிலை, இடப்பெயர்வு, தமிழ்ப்பள்ளி என்று பல வழியாக எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். நான் பார்க்கப்போவது ஓர் அற்பப் பொருளை: காற்றுக் குமிழி. கித்தாப் பாலிலும் அது இருக்கக்கூடாது. கணினியைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயிலும் இருக்கக்கூடாது. இரண்டு இடத்திலும் அதை வெளியேற்றுவதற்கென்று ஒரு வேலை உண்டு. அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் வரலாற்றில் பெயர் கிடையாது.

ரப்பர் ஷீட்டின் தரத்தை ஒரு காலத்தில் கண்ணால்தான் பார்த்தார்கள். புகைபோட்டு எடுத்த ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்கள். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும். பட்டைத் துணுக்கு, மணல், கறை, குமிழி எதுவும் தெரியக்கூடாது. 'ஆர்.எஸ்.எஸ்' என்று அதற்கு வணிகப் பெயர். 1எக்ஸ் உச்சம், அதன் பின் 1 முதல் 5 வரை. ஊசித்தலை அளவுக் குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் ஒன்றாம் தரத்தில் ஒப்புக்கொள்வார்கள். அதைவிடப் பெரிசாக, கூட்டமாக இருந்தால் தரம் இறங்கும், தரத்தோடு விலையும் இறங்கும். சர்வதேசத் தரக் கையேட்டிலேயே குமிழிக்கு இவ்வளவு நுணுக்கமான இடம் இருந்தது.

என் அப்பாயி பெக்கோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொஞ்ச காலம் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வெட்டுக்குப் போனதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் சலித்திருக்கும். பெரட்டுக்கு நேரத்தில் நிற்பது, அட்டைக் கடி, மழை வந்து பால் வீணாவது எல்லாம் எல்லோரும் சொல்கிற கதைகள். ஸ்டோரைப் பற்றிப் பேசினால் மட்டும் ஒரு தொழில்காரரின் தோரணை வந்துவிடும்.

"ஆசிட்டக் கலக்கி வுட்டதும் நொரை பொங்கிக்கிட்டு வரும்யா. ஒடனே வழிச்சி எடுத்துடணும். கொஞ்ச நேரம் பராக்குப் பாத்தேன்னு வையி, நொரை அப்படியே பாலோட சேந்து ஒறைஞ்சி போயிரும். அப்புறம் ஷீட்டுல கண்ணு கண்ணாத் தெரியும். கிராணி கத்துவாரு."

இதில் உள்ள தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வாளிகளில் வந்த பாலை நிறுத்து, 'மெட்ரோலாக்' என்ற மிதவைக் கருவியை விட்டு எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்வார்கள். நீர்த்த பாலில்தான் குமிழி மேலே ஏறும். கெட்டிப் பாலில் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கும்போது வேகமாகவும் கலக்கக்கூடாது, காற்று உள்ளே போய்விடும். மெதுவாகவும் கலக்கக்கூடாது, அமிலம் ஒரே இடத்தில் நின்று கட்டிபிடித்துவிடும். கலக்கி முடித்து, நுரை வழித்து, உறைவதற்குள் அலுமினியத் தகடுகளைச் செருகிவிட வேண்டும். மொத்தமும் சில நிமிடத்து வேலை. மறுநாள் காலையில் தகடுகளை உருவினால் வெள்ளைப் பலகைகளாக ரப்பர். அதை உருளையில் கொடுத்து, புகைக்கூண்டில் தொங்கவிடுவார்கள். வழித்த நுரையையும் வீணாக்குவதில்லை. தனியாக உறையவைத்தால் மட்டமான ரப்பராவது கிடைக்கும்.

குமிழிக்கு வேறு காரணங்களும் உண்டு. வெட்டிய பால் ஸ்டோருக்கு வருவதற்குள் புளிக்க ஆரம்பித்தால் பாக்டீரியா வாயுவை உண்டாக்கும். மங்கைச் சரியாகத் துடைக்காவிட்டால் பழைய துணுக்கில் இருக்கிற கிருமியே போதும். புகைக்கூண்டில் முதல் நாளே அதிகம் சூடேற்றினால் ஷீட் கொப்பளிக்கும். ஆக, ஷீட்டில் தெரிகிற ஒரு குமிழியைப் பார்த்தே தவறு மரத்தடியில் நடந்ததா, தொட்டியிலா, புகைக்கூண்டிலா என்று அனுபவஸ்தர்களால் சொல்ல முடிந்தது. நோயைக் கண்டுபிடிக்கிற வித்தை மாதிரி. ஆனால் தோட்டக் கணக்குப் புத்தகத்தில் இந்த வித்தைக்கும் 'கூலி' என்ற ஒரே பத்திதான்.

நான் வாசித்த அளவில், நம் தோட்டப் புனைவுகள் வெட்டுக்காட்டை நன்றாகவே எழுதியிருக்கின்றன. லயத்தையும், கள்ளுக்கடையையும், கங்காணியையும் எழுதியிருக்கின்றன. ஸ்டோருக்குள் மட்டும் அதிகம் போகவில்லை. துயரத்தை எழுதுகிற அவசரத்தில் திறமையை விட்டுவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

1965-ல் மலேசியா 'எஸ்.எம்.ஆர்' தர முறையைக் கொண்டுவந்தது. ரப்பரைத் துணுக்காக்கி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் போடுவார்கள். எத்தனை சதவீதம் அழுக்கு, எத்தனை சாம்பல், எத்தனை நைட்ரஜன் என்று எண்ணில் வரும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிற வேலை அங்கே இல்லை. ஷீட் உடனே மறைந்துவிடவில்லை, ஆனால் குமிழியைக் கண்ணால் எண்ணுகிற காலம் அங்கிருந்து சரிய ஆரம்பித்தது. நுரை வழிக்கிற கைகளும் கூடவே.

இதே ஆண்டுகளில்தான், உலகின் இன்னொரு மூலையில், குமிழி வேறொரு தொழிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

முதல் கணினிகளைக் காற்றால்தான் குளிர்வித்தார்கள். 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், 150 கிலோவாட் மின்சாரம், அதற்கேற்ற ஊதிகள். ட்ரான்சிஸ்டர் வந்ததும் சூடு குறைந்தது. ஆனால் சின்ன இடத்துக்குள் மேலும் மேலும் திணிக்க ஆரம்பித்ததும் சூடு திரும்ப வந்தது. 1960-களின் கடைசியில் ஐபிஎம் தன் பெரிய கணினிகள் சிலவற்றுக்குள் தண்ணீரைக் கொண்டுபோனது. 1980-ல் அறிவித்த 3081 இதன் உச்சம். ஒரு பீங்கான் தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் வில் வைத்து அழுத்துகிற ஓர் உலோகக் கட்டை, அதற்கு மேலே தண்ணீர் ஓடும் தகடு. கட்டைகளுக்கு நடுவில் உள்ள சந்துகளில் காற்று இருக்கக்கூடாது என்று ஹீலியத்தை அடைத்தார்கள். ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும்.

காற்றின் மேல் இவர்களுக்கு என்ன இத்தனை கோபம்? கணக்கு எளிது. அசையாத தண்ணீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் ஒரு குமிழி உட்கார்ந்தால், அந்த இடத்தில் கம்பளி போர்த்திய மாதிரி. சில்லின் மேல் இருக்கும் செப்புத் தகட்டில் முடியளவு அகலத்துக்கே வாய்க்கால்கள் வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு வாய்க்காலைக் குமிழி அடைத்தால் மேலே ஓடுகிற தண்ணீருக்கு அது தெரியவே தெரியாது, பக்கத்து வாய்க்கால் வழியாகப் போய்விடும்.

பம்ப்பில் குமிழி இன்னும் மோசம். இலை சுற்றுவது காற்றில் என்றால் அது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, சும்மா சுற்றும். இவ்வகைப் பம்ப்புகள் பலவற்றில் தாங்கிக்கு உயவே அந்தத் தண்ணீர்தான். வறட்சியாகச் சுற்றினால் தேய்ந்துபோகும். இதனோடு சேர்த்துக் குழப்பப்படுகிற வேறொரு குமிழியும் உண்டு. வேகமாகச் சுற்றும் இலையின் பின்பக்கம் அழுத்தம் விழும்போது தண்ணீரே ஆவியாகிக் குமிழியாகும், அழுத்தம் கூடியதும் படாரென்று நசுங்கும். 1890-களில் கப்பல்களின் சுழல்விசிறிகளை அரித்துத் தின்றது இதுதான். நசுங்கும் கணத்தில் எழும் அழுத்தம் எவ்வளவு என்று 1917-ல் ரேலி பிரபு கணக்குப் போட்டார். நம் மேசைக் கணினியில் இதற்கு அவ்வளவு வாய்ப்பில்லை. இங்கே பிரச்சினை சாதாரணக் காற்றுதான்.

அந்தச் சாதாரணக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சுவாரசியம். ஊற்றும்போது போவது ஒரு பங்கு. மீதி தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. 20 டிகிரியில் திறந்து வைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்குள் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் காற்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வாயு எவ்வளவு கரையும் என்பது அதன் அழுத்தத்தைப் பொறுத்தது என்று 1803-ல் மான்செஸ்டரின் வில்லியம் ஹென்றி சொன்னார். சூடேறினால் கரைவது குறையும் என்பது உலை வைத்த எவருக்கும் தெரியும். தண்ணீர் கொதிப்பதற்கு வெகுமுன்னாலேயே பாத்திரத்து அடியில் முத்து முத்தாக ஒட்டுவது கரைந்திருந்த காற்றுதான். கணினியின் குழாயிலும் இதேதான் நடக்கிறது. சில்லு தண்ணீரைச் சூடாக்குகிறது, கரைந்திருந்தது வெளியே வருகிறது. எல்லாக் குமிழியும் எடுத்தாகிவிட்டது என்று மூடி வைத்தால் இரண்டு நாள் கழித்துப் புதுசாக வந்து நிற்கும்.

குமிழிகளின் வரலாற்றில் ஒரு கணினிக்குத் தனி இடம் தர வேண்டும். 1985-ல் சீமோர் க்ரேயின் நிறுவனம் வெளியிட்ட க்ரே-2. சில்லுப் பலகைகளை அப்படியே ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்தில் முக்கிவிட்டார்கள். மின்சாரத்தைக் கடத்தாத, நிறமற்ற, 3எம் நிறுவனத்தின் திரவம். சூடான திரவம் பக்கத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கோபுரத்தில் அருவியாக விழுந்து குளிரும். வெளியே நின்று பார்த்தால் நுரையும் குமிழியும் தெரியும். 'பபிள்ஸ்' என்றே அதற்குச் செல்லப் பெயர் விழுந்தது. வேலை செய்தவர்கள் 'மீன் பிடிக்காதீர்' என்று பலகை மாட்டினார்களாம், பிளாஸ்டிக் மீன்களைப் போட்டார்களாம். உலகின் அதிவேகக் கணினி என்று பெயரெடுத்த ஒன்றைச் சுற்றி இந்த விளையாட்டு. தண்ணீர்க்காரர்களுக்கு எதிரியாக இருந்த குமிழி இங்கே அடையாளமாகிவிட்டது. இவ்வகைத் திரவங்கள் வாயுவைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். எவ்வளவு தாராளம் என்றால், 1966-ல் லேலண்ட் க்ளார்க், ஃப்ராங்க் கோலன் என்ற இருவர், ஆக்சிஜன் ஏற்றிய இதே குடும்பத்துத் திரவம் ஒன்றுக்குள் எலிகளை முக்கி அவை மூச்சுவிட்டு உயிரோடிருப்பதைக் காட்டினார்கள். மண்ணில் மட்காத வேதிப்பொருள்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2022-ல் 3எம் இவ்வகைத் தயாரிப்பை 2025 முடிவுக்குள் விட்டுவிடுவதாக அறிவித்தது.

1990-களில் சில்லுத் தொழில்நுட்பம் மாறி, பெரிய கணினிகள் மின்சாரம் குறைவாகத் தின்ன ஆரம்பித்தன. ஐபிஎம் தண்ணீரைக் கைவிட்டுக் காற்றுக்குத் திரும்பியது. 2008-ல்தான் பவர் 575-ஓடு மறுபடியும் குழாயை எடுத்தது. இந்த நடுவாந்திரக் காலத்தில் குமிழி வித்தையைக் காப்பாற்றியவர்கள் நிறுவனங்கள் அல்ல, வீட்டு அறைகளில் இருந்த பொடியன்கள்.

1998-ல் இன்டெலின் மலிவுச் சில்லு செலரான் 300ஏ வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றதை 450-க்கு ஓட்டலாம் என்று தெரிந்ததும் ஒரு கூட்டமே அதன் பின்னால் போனது. வேகம் கூட்டினால் சூடு கூடும். கடையில் வாங்க ஒன்றுமில்லை. காருக்குள் வெப்பம் தருகிற சின்ன ரேடியேட்டரையும், மீன்தொட்டிப் பம்ப்பையும், தாங்களே குடைந்த செப்புக் கட்டியையும் இணைத்தார்கள். பிறகுதான் அதற்கென்றே கம்பெனிகள் வந்தன. 2004-ல் ஆப்பிள்கூடத் தன் பவர் மேக் ஜி5 ஒன்றில் திரவக் குளிர்விப்பைப் போட்டு விற்றது. கசிவுக் கதைகளால் அது இன்றும் நினைவில் நிற்கிறது.

என் அண்ணன் மகன் பெக்கோக்கில்தான் இருக்கிறான். விளையாட்டுக்கென்று கணினி கட்டியிருக்கிறான், சொந்தமாகக் குழாய் வளைத்து. கடந்த தீபாவளிக்குப் போயிருந்தபோது அவன் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மதர்போர்டுக்குப் போகும் மின்கம்பிகளை எல்லாம் கழற்றிவிட்டான். பம்ப் மட்டும் ஓடும்படி ஒரு இணைப்பு. எங்காவது ஒழுகினால் மற்ற பாகங்களில் மின்சாரம் இருக்கக்கூடாது. மூட்டுகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பம்ப்பை இரண்டு நொடி ஓட்டி நிறுத்தினான். தண்ணீர் இறங்கியது. மறுபடியும் ஊற்றினான். மறுபடியும் இரண்டு நொடி.

"ஏன்டா நிறுத்தி நிறுத்திப் போடுற?"

"தொட்டி காலியாச்சின்னா பம்ப்பு காத்தக் குடிச்சிரும் சித்தப்பா. அப்புறம் மோட்டார் போயிரும்."

நிரம்பியபின் தொடர்ந்து ஓடவிட்டான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போனது. பொடிக் குமிழிகள். அவ்வளவு சின்னதாக இருந்தால் அவற்றுக்கு மேலே ஏறத் தெம்பில்லை, ஓட்டத்தோடு சுற்றிச் சுற்றி வரும். தொட்டி பெரிசாக இருந்தால் அதில் ஓட்டம் நிதானமாகும், நிதானமான இடத்தில்தான் குமிழி பிரிந்து மேலே போகும். ஆகவே பம்ப்பின் வேகத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரேயடியாகக் கூட்டினான், மூலையில் ஒட்டியிருப்பதை அடித்துக்கொண்டு வர. பிறகு கணினிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் சாய்த்தான், பின்பக்கம் சாய்த்தான். ரேடியேட்டருக்குள் 'களக்' என்று ஒரு சத்தம். தொட்டியில் ஒரு பெரிய குமிழி வந்து வெடித்தது. அவன் முகத்தில் வந்த சிரிப்பை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஸ்டோரைப் பற்றிப் பேசும்போது அப்பாயிக்கு வருவது அதுதான்.

சாய்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரேடியேட்டரின் இரண்டு வாயும் கீழ்நோக்கி இருந்தால் அதன் மேல்முனை ஒரு முட்டுச்சந்து. காற்று அங்கே போய்த் தங்கினால் வெளியே வர வழியில்லை. தலைகீழாக்கினால்தான் வாய் மேலே வரும், காற்றுக்கு வழி கிடைக்கும். பள்ளத்துக்குப் பாயும் தண்ணீருக்கு நேர் எதிர் இது. மேட்டைக் காட்டினால் காற்று போய்விடும். குழாயைக் கையால் அமுக்கி விடுவதும், மூடியைத் திறந்தே வைத்து ஓரிரவு ஓடவிடுவதும் மீதி வைத்தியம். ஆரம்பகாலத்தில் பரப்பு இழுவிசையைக் குறைக்கச் சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டவர்களும் உண்டு. ஒரு சொட்டு கூடிப்போனால் நுரை பொங்கிப் பழைய பால் தொட்டி ஆகிவிடும். அந்த வைத்தியத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூடி முத்திரையிட்டு விற்கும் ரகத்தில் இந்தச் சாய்ப்பு எதுவும் வேண்டாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அதிலும் காற்று இருக்கும். சூட்டில் தண்ணீர் விரிய இடம் வேண்டும் என்பதால் முழுக்க நிரப்ப மாட்டார்கள். வருடங்கள் போகப் போக ரப்பர்க் குழாயின் சுவர் வழியே தண்ணீர் ஆவியாகக் கசியும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். பம்ப் அந்தச் சுற்றிலேயே உயரமான இடத்தில் இருந்தால் காற்றெல்லாம் அதற்குள்தான் சேரும். 2020-ல் கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற யூடியூப் சேனல் இதைப் படம் போட்டு விளக்கியது. அதன்பிறகு உலகமெங்கும் பையன்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து ரேடியேட்டரை இடம் மாற்றினார்கள். ரேடியேட்டரின் தலை பம்ப்பைவிட உயரமாக இருக்க வேண்டும் என்ற ஒற்றை வாக்கியம்தான் அந்தப் பாடம்.

அந்த ரப்பர்க் குழாய் நம் ரப்பர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், பெட்ரோலிய வேதியியலின் பிள்ளை. பால்மரத்து ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் சூட்டையும் ஓசோனையும் வருடக்கணக்கில் தாங்காது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து பெருகிய மரம் ஜொகூரில் ஏராளமான நிலத்தை ஆண்டுவிட்டு, கடைசியில் ஒரு கணினியின் அரை மீட்டர்க் குழாய்க்குப் பயன்படாமல் நிற்கிறது.

இனி கூலாய். 2019-ல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் போதவில்லை. 2022-ல் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டாலும், அதற்குள் முதலீடு பாலம் தாண்டி ஜொகூருக்கு வந்துவிட்டது. ஒய்டிஎல் குழுமம் கூலாயில் 500 மெகாவாட் வளாகம் ஒன்றைக் கட்டுகிறது. பரப்பு 664 ஹெக்டேர். பூஸ்டெட் தோட்ட நிறுவனத்திடமிருந்து வாங்கிய கூலாய் யங் எஸ்டேட்டின் நிலம் அது. 2023 டிசம்பரில் என்விடியாவோடு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஜிபி200 என்விஎல்72 என்ற அடுக்குகளை நிறுவப்போவதாகவும் சொன்னார்கள்.

அந்த அடுக்கு ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் கூட. உள்ளே 72 வரைகலைச் செயலிகள். மொத்தம் ஏறத்தாழ 120 கிலோவாட். பழைய எனியாக் ஒரு மண்டபம் முழுக்க எரித்ததை ஒரு பீரோ அளவுக்குள் எரிக்கிறது. காற்றால் இதை ஆற்ற முடியாது. தண்ணீர் பத்து டிகிரி சூடேற அனுமதித்தால், இவ்வளவு சூட்டை அள்ள நிமிடத்துக்கு 170 லிட்டர் ஓட வேண்டும் என்று கணக்கு வருகிறது. ஒரே ஓர் அடுக்குக்கு. அண்ணன் மகனின் கணினியில் மொத்தமே ஒரு லிட்டர்தான்.

அளவு மாறினாலும் வேலை மாறவில்லை. இந்தச் சுற்றில் ஓடுவது சுத்தமான தண்ணீரோடு கால்பங்கு ப்ரோபிலின் க்ளைகால் கலந்த திரவம். குழாய்கள் அடுக்குகளின் தலைக்கு மேலேயோ தரைக்கு அடியிலோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும். எங்கெல்லாம் குழாய் மேடேறி இறங்குகிறதோ அங்கெல்லாம் காற்று தங்கும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வால்வு வைப்பார்கள். சில தானாகவே மிதவை இறங்கித் திறக்கும், சிலதைக் கையால் திறக்க வேண்டும். ஓட்டத்தை நிதானமாக்கிக் குமிழியைப் பிரிக்கத் தனித் தொட்டி உண்டு. நிரப்புவது கீழிருந்து மேலாக, மெதுவாக. மேலிருந்து அவசரமாக ஊற்றினால் காற்றையும் சேர்த்துக் கலக்கி விடுவோம். ஆசிட் கலக்கும்போது அப்பாயிக்குச் சொல்லித்தந்த அதே விதி.

தண்ணீரைப் பற்றி ஜொகூரில் இப்போது நடக்கும் சண்டையில் ஒரு குழப்பம் இருக்கிறது. சில்லைத் தொட்டு ஓடுகிற இந்த மூடிய சுற்று தண்ணீரைக் குடிப்பதில்லை. ஒருமுறை நிரப்பினால் அதே திரவம் சுற்றிக்கொண்டிருக்கும். குடிப்பது வெளியே நிற்கும் குளிர்விப்புக் கோபுரம், அது ஆவியாக்குகிற ரகமாக இருந்தால். ஒரு மெகாவாட் சூட்டை முழுக்க ஆவியாக்கியே தீர்ப்பதென்றால் நாளுக்கு 35,000 லிட்டர் போகும். 100 மெகாவாட்டுக்கு 35 லட்சம் லிட்டர். இயற்பியல் புத்தகத்தை வைத்து நானே போட்ட கணக்கு இது. எந்த நிறுவனமும் இதே அளவு எடுக்கிறது என்று அர்த்தமில்லை. ஆவியாக்காமல் வெறும் காற்றில் ஆற்றும் வகையும் உண்டு, அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் பேசப்படுகின்றன. 2024-ல் மாநில அரசு விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு குழு அமைத்தது. வந்தவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம் நிராகரிக்கப்பட்டதாக அந்த ஆண்டே செய்தி வந்தது. வறட்சி வந்தால் குழாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இந்தக் கவலையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் மட்டும் கேள்வி தப்பான ஆளிடம் போய்ச் சேரும். கேட்க வேண்டியது 'தண்ணீரில் குளிர்விக்கிறாயா' என்று அல்ல, 'கோபுரத்தில் எந்தத் தண்ணீரை ஆவியாக்குகிறாய்' என்று.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கட்டி முடிந்த தரவு மையத்தில் ஆட்கள் குறைவு. ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் குடும்பங்கள் இருந்த இடத்தில் இங்கே பாதுகாவலரும் சில பொறியாளர்களும் இருப்பார்கள். ஆனால் கட்டும் காலத்திலும், தொடங்கிவைக்கும் காலத்திலும், பிறகு பராமரிப்பிலும், குழாய்க்காரர்களுக்கும் குளிர்விப்புத் தொழில்நுட்பர்களுக்கும் தேவை உண்டு. தொழிற்பயிற்சிக் கல்லூரிகளில் குளிரூட்டல் படித்த நம் பையன்கள் ஏர்கோன் கடைகளில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதவு திறக்கும்? அண்ணன் மகனிடம் கேட்டேன்.

"சர்ட்டிபிகேட் கேக்குறாங்க சித்தப்பா. இதெல்லாம் வீட்ல செஞ்சேன்னு சொன்னா சிரிப்பாங்க."

அவன் சொல்வது எதிர்பார்த்ததுதான். நுரை வழித்த திறமைக்கு அன்றைக்குச் சான்றிதழே கிடையாது. இன்றைக்குச் சான்றிதழ் இருக்கிறது, அது வீட்டில் கற்றவனிடம் இல்லை. அவன் இந்த வருடம் சிகாமட்டில் ஒரு படிப்புக்கு மனு போட்டிருக்கிறான். கிடைத்தால் கூலாய் பெக்கோக்கிலிருந்து ஒரு ரயில் தூரம்தான்.

அன்றைக்கு மூடியைத் திறந்தே வைத்து இரவெல்லாம் ஓடவிட்டான். விடிந்து பார்த்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது, தொட்டியில் ஒரு விரற்கடை இறங்கியும் இருந்தது. இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடினான். டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தது. எல்லாக் கம்பிகளையும் திரும்ப மாட்டிவிட்டு, நாள்காட்டியில் மூன்று நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டான்.

"எதுக்குடா?"

"சூடானதும் உள்ள கரைஞ்சி கெடக்குறது வெளிய வரும். அன்னிக்கு மறுபடி சாய்ச்சிப் பாக்கணும்."